உறையவைத்த பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ்: ஒரு பொதி, நான்கு சமையல், ஒரு கோவா

மட்டக்களப்பு நகரத்துச் சுப்பர்மார்க்கட்டின் குளிர்ப்பெட்டியில், பட்டாணிப் பொதிகளுக்கும் உருளைக்கிழங்குச் சிப்ஸ் பொதிகளுக்கும் நடுவே ஒரு பச்சைப் பொதி கிடப்பதை நான் பல வாரங்கள் பார்த்துவிட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்திருக்கிறேன். 450 கிராம், விலை 1,890 ரூபாய். லண்டனில் இருக்கும் அக்கா, நத்தார் விருந்தில் வைக்கிறார்கள் என்று ஒவ்வொரு வருடமும் தொலைபேசியில் திட்டித் தீர்க்கும் அதே பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ்தான், சின்னக் கோவா (முட்டைக்கோஸ்) போலிருக்கும் காய். பெல்ஜியத்தில் பொதியிட்டது என்று எழுதியிருந்ததால் பெயருக்கு ஏற்ற ஊரிலிருந்தே வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பொதியின் பின்புறத்தில் இரண்டு செய்முறைகள் அச்சிடப்பட்டிருந்தன. ஒன்று உப்புநீரில் அவிப்பது. மற்றதற்கு ‘ஆசியச் சுவையில்’ என்று தலைப்பு. ஆசியாவில் பிறந்து, ஆசியாவிலேயே மூன்று வேளையும் சமைத்துச் சாப்பிடுகிறவளுக்கு இந்தத் தலைப்பைப் பார்த்தபின் வாங்காமல் வர மனம் கேட்கவில்லை.

முதலில் வாங்கிய பொதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கச்சான் காற்று அனலாக அடித்த ஒரு நண்பகலில் அதை வாங்கி, கல்லடிப் பாலத்தைத் தாண்டி வீட்டுக்குக் கொண்டுவந்து வெட்டியபோது உள்ளே இருந்தவை தனித்தனிக் காய்களாக இல்லாமல், பனிக்கட்டி பூசிய ஒரே கல்லாக இறுகிக் கிடந்தன. பாலத்தைத் தாண்டும் பத்து நிமிடத்தில் ஒரு பொதி உருகி மறுபடியும் உறைந்துவிடாது. கடையிலோ, கடைக்கு வரும் வழியிலோ மின்சாரம் நின்றபோது அது ஒரு தடவை இளகிப் பின் இறுகியிருக்க வேண்டும். கரைய வைத்ததும் காய்கள் சவர்க்காரம் போல வழுக்கின. அந்தக் கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் வாங்குகிறவர்கள் பொதியைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பாருங்கள். கோலிகள் உரசுவது போலக் கலகலவென்று சத்தம் வந்தால் மட்டும் வாங்குங்கள். இரண்டாவது பொதியை வேறொரு கடையில் அப்படிக் குலுக்கிப் பார்த்துத்தான் எடுத்தேன். இனி எழுதுவதெல்லாம் அந்த இரண்டாவது பொதியைப் பற்றியது.

அதைத் தட்டில் கொட்டியபோது முப்பத்தெட்டுக் காய்கள் இருந்தன. பெரியது தேசிக்காய் அளவு, சிறியது கோலிக்குண்டு அளவு. அடுப்படிக்கு வந்த மாமி ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, “என்ன புள்ள இது, கோவாக் குஞ்சா?” என்று கேட்டார். சொந்தத்தைப் பொறுத்தவரை மாமி சொன்னது சரிதான். கோவா, நோக்கோல், பூக்கோவா, ப்ரொக்கோலி, இந்தக் காய் எல்லாம் தாவரவியலில் ஒரே இனம்; ஒன்றில் தண்டையும் ஒன்றில் பூவையும் ஒன்றில் மொட்டையும் மனிதர் பெருக்கவைத்து வளர்த்ததால் உருவம் வேறானது. ஆனால் இவை பிஞ்சிலே பறித்த கோவா அல்ல. இடுப்பளவு உயரத்துக்கு வளரும் தடித்த தண்டில், ஒவ்வோர் இலைக் கக்கத்திலும் ஒவ்வொன்றாகத் திரளும் மொட்டுகள் இவை. குளிரில் விளைவன, பனி விழுந்தால் இனிப்புக் கூடுவன. எங்கள் வெயிலுக்கும் இவற்றுக்கும் எந்த உறவும் இல்லை. ஆகவே எங்களுக்கு உறையவைத்த பொதிதான் வழி, அதன் குறைகளோடு சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும்.

அந்தக் குறைகளில் முக்கியமானது தண்ணீர். உறையவைக்கும் முன் இத்தகைய மரக்கறிகளைத் தொழிற்சாலையில் சிறிது நேரம் கொதிநீரிலோ நீராவியிலோ காட்டி எடுக்கிறார்கள். நிறமும் மணமும் கெடச் செய்யும் நொதியங்களை அடக்குவதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதாவது நாங்கள் வாங்கும்போதே அது அரைவாசி வெந்தது. பிறகு உறையும்போது உள்ளே உருவாகும் பனிப்பளிங்குகள் கலச் சுவர்களைக் கிழித்துவிடுவதால், உருகியதும் ஈரம் கசிகிறது, கடிப்புக் குறைகிறது. இவ்வளவும் நடந்த ஒரு காயை, பொதியின் முதல் செய்முறை மறுபடியும் எட்டு நிமிடம் கொதிக்கும் உப்புநீரில் போடச் சொல்கிறது.

நீதிக்காக எட்டுக் காய்களை அப்படியும் அவித்தேன். மாமி யன்னல்களைத் திறந்துவிட்டார். கோவாக் குடும்பத்து மரக்கறிகளில் கந்தகம் சேர்ந்த பொருட்கள் உண்டு. வேக வேக அவை உடைந்து, நீண்ட நேரம் கொதித்தால் கூழ்முட்டையை நினைவூட்டும் வாடையை எழுப்புகின்றன. அக்காவின் நத்தார்த் திட்டலுக்கு இதுதான் காரணம் என்று அன்றுதான் விளங்கியது. கசப்பும் இருந்தது, ஆனால் பாவற்காயைப் பொரித்தும் குழம்பு வைத்தும் சாப்பிடுகிற எங்களுக்கு அது ஒரு பொருட்டல்ல. 1990களில் ஹான்ஸ் வான் டோர்ன் என்ற டச்சு விஞ்ஞானி இந்தக் கசப்புக்குக் காரணமான சினிக்ரின், ப்ரோகோய்ட்ரின் என்ற பொருட்களை அடையாளம் கண்டார். அதன்பின் விதைக் கம்பனிகள் கசப்புக் குறைந்த வகைகளை உருவாக்கின. இன்று பொதிகளில் வருவது பெரும்பாலும் அந்த இளகிய வகை என்றே நாக்கு சொல்கிறது. சினிக்ரின் எங்களுக்குப் புதிய பொருளும் அல்ல. தாளிதத்தில் வெடிக்கும் கடுகின் காரத்துக்கும் அதுவே மூலம்.

இனி ‘ஆசியச் சுவை’க்கு வருவோம். உருக்காமலே காய்களை எடுத்து, இரண்டு மேசைக்கரண்டி சோயா சோஸ், ஒரு மேசைக்கரண்டி தேன், துருவிய இஞ்சி, நசுக்கிய உள்ளி, எள்ளெண்ணெய் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிரட்டி, 200 பாகை செல்சியஸ் சூடான ஓவனில் இருபத்தைந்து நிமிடம் வைக்கும்படி சொல்கிறது. சொன்னபடியே பத்துக் காய்களைச் செய்தேன். பதினைந்தாவது நிமிடத்தில் கதவைத் திறந்து பார்த்தபோது தட்டில் ஒரு சிறிய குளம் தேங்கியிருந்தது. காய்கள் கக்கிய தண்ணீரில் சோயாவும் தேனும் கரைந்து, காய்கள் அதற்குள் வெந்துகொண்டிருந்தன. இருபத்தைந்தாவது நிமிடத்தில் நடுவில் ஈரம் அப்படியே இருக்க, ஓரங்களில் தேனும் உள்ளியும் கரிந்து தட்டோடு ஒட்டிவிட்டன. சுவையில் குறை சொல்ல முடியாது, சோயாவும் இஞ்சியும் எதையும் சாப்பிட வைத்துவிடும். ஆனால் வாயில் வைத்தால் வெந்த கோவாவின் மேல் சோஸ் ஊற்றிய கதைதான். தட்டை அரை மணி நேரம் ஊறவைத்துச் சுரண்டியது தனிக் கதை.

பிழை சேர்மானத்தில் இல்லை, வரிசையில்தான் இருக்கிறது. காயின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு 100 பாகைக்கு மேல் ஏறாது. பொன்னிறமாகச் சிவந்து வறுத்த மணம் வருவதற்கோ சுமார் 140 பாகைக்கு மேல் வேண்டும். ஆகவே முதலில் ஈரத்தை விரட்ட வேண்டும், பிறகு சிவக்கவிட வேண்டும், கடைசியில்தான் சோஸ். இனிப்பும் உள்ளியும் அந்தச் சூட்டில் நெடுநேரம் நின்றால் கருகும் என்பது சம்பலுக்கு உள்ளி வதக்கிய எவருக்கும் தெரியும். பொதிக்கு அந்தச் செய்முறையை எழுதியவருக்கு மட்டும் தெரியாமல் போயிருக்கிறது.

மூன்றாவது தடவை ஓவனை மறந்துவிட்டுத் தாச்சிக்கு வந்தேன். முந்தைய இரவே பத்துக் காய்களைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு வடிதட்டில் வைத்து உருகவிட்டேன். காலையில் கிண்ணத்தில் மூன்று மேசைக்கரண்டிக்குக் குறையாத தண்ணீர் வடிந்திருந்தது. காய்களை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி ஒரு துவாயில் பரப்பி, மேலே இன்னொரு துவாயை வைத்து மெதுவாக அமத்தினேன். இந்த ஒரு வேலையைச் சோம்பல்படாமல் செய்தால் பாதிச் சமையல் முடிந்துவிட்டது. கனத்த இரும்புத் தாச்சியை வெறுமையாகச் சூடாக்கி, தேங்காயெண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி விட்டு, வெட்டிய பக்கம் அடியில் படும்படி ஒவ்வொன்றாக அடுக்கினேன். அதன்பிறகு அகப்பையைத் தொடக்கூடாது. எங்கள் கைக்கு இதுதான் கஷ்டம், ஏனென்றால் சுண்டலுக்குப் பழகிய கை நிமிடத்துக்கு ஒருமுறை கிளறத் துடிக்கும். ஐந்து நிமிடம் பொறுத்து ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். அடிப்பக்கம் பழுத்த பாக்கின் நிறத்தில் சிவந்து, இலை மடிப்புகளின் ஓரங்கள் மொறுமொறுத்திருந்தன; மேல்பக்கம் இன்னும் பச்சையாக இருந்தது. தாச்சியைவிடத் தோசைக்கல் நல்லது என்பது பிறகு செய்து பார்த்துத் தெரிந்துகொண்டது. தட்டையாக இருப்பதால் எல்லாக் காயும் ஒரே அளவில் சிவக்கின்றன.

அடுப்பைக் குறைத்து, ஓரமாக ஒதுக்கிய இடத்தில் இஞ்சியும் உள்ளியும் அரை நிமிடம் வாட்டி, ஒரு தேக்கரண்டி சர்க்கரை சீவிப் போட்டு, அது இளகியதும் ஒன்றரை மேசைக்கரண்டி சோயா சோஸ் ஊற்றி ஒரே பிரட்டலில் இறக்கினேன். உப்பு ஒரு கல்கூடப் போடவில்லை, போடவும் கூடாது, சோயாவில் இருப்பதே தாராளம். இறக்கிய பின் அரைத் தேசிக்காய்ப் புளி. எள்ளெண்ணெயைப் பற்றி ஓர் எச்சரிக்கை: சீன, கொரிய, ஜப்பானியச் சமையல்களில் கடைசியாகச் சில துளிகள் விடுவது, நன்றாக வறுத்த எள்ளிலிருந்து எடுத்த மண்ணிற எண்ணெய். எங்கள் செக்கு நல்லெண்ணெய் வேறு மணம் உடையது, அந்த இடத்தில் அதை ஊற்றினால் எண்ணெய்ச் சுவைதான் முன்னுக்கு நிற்கும். நான் ஒரு மேசைக்கரண்டி எள்ளைச் சிவக்க வறுத்து, அம்மியில் ஒன்றிரண்டாக நசித்துத் தூவினேன். தேடிய மணம் அதிலேயே வந்தது. தேங்காயெண்ணெயின் வாசம் சோயாவோடு கொஞ்சம் முட்டியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சூரியகாந்தி எண்ணெய் வைத்திருப்பவர்கள் இந்த முறைக்கு அதைப் பாவிக்கலாம்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இந்த மதிப்புரை ‘பரவாயில்லை’ என்று முடிந்திருக்கும். நான்காவது சமையலால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸுக்கும் மீனுக்கும் பொருத்தம் பார்த்தது நான் முதலல்ல. நியூயோர்க்கில் டேவிட் சாங் 2006இல் தொடங்கிய மொமோஃபுகு சாம் பார் என்ற உணவகத்தில், சிவக்க வறுத்த இந்தக் காய்க்கு மீன் சோஸ், புதினா, கொத்தமல்லி சேர்த்து மேலே பொரி தூவிக் கொடுத்தார்கள். அந்தத் தட்டு பேர்பெற்றது. அந்தப் பொரி எங்கள் கோயில் வாசல்களில் சுருளில் விற்கிற பொரிக்குச் சொந்தம்தான். மீன் சோஸ் என்பதும் நெத்தலி போன்ற சிறு மீன்களை உப்போடு சேர்த்து மாதக்கணக்கில் நொதிக்கவிட்டு வடிக்கும் சாறு. மட்டக்களப்பில் மீன் சோஸ் போத்தலைத் தேடி அலைவதைவிட, அந்த வேலையைச் செய்யக்கூடியது எங்கள் சாமான் அலுமாரியில் இருக்கிறதா என்று பார்ப்பது புத்தி என்று தோன்றியது. பேணிக்குள் மாசிக் கருவாடு இருந்தது.

மாசிக்கும் ஜப்பானியச் சமையலின் அடித்தளமான கட்சுவோபுஷிக்கும் உள்ள நெருக்கம் ஆச்சரியமானது. இரண்டும் சூரை மீன். இரண்டையும் அவித்து, புகையூட்டி, கட்டை போல் இறுகும்வரை காயவைக்கிறார்கள். ஜப்பானியர் அதன் உயர்ந்த வகைகளில் ஒரு பூஞ்சையையும் படரவிட்டு, மெல்லிய சீவலாகச் சீவுகிறார்கள். நாங்கள் உரலில் இடிக்கிறோம். 1908இல் கிக்குனே இக்கேடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கடற்பாசியிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். 1913இல் அவரது மாணவர் ஷின்தாரோ கொடாமா கட்சுவோபுஷியில் இனோசினேட் என்ற இன்னொரு பொருளைக் கண்டார். இவ்விரண்டும் ஒன்றாகச் சேரும்போது, தனித்தனியே தருவதைக் கூட்டினால் வருவதைவிடப் பலமடங்கு சுவை எழுகிறது. சோயா சோஸில் முதலாவது நிறைய இருக்கிறது. சூரையில் இரண்டாவது இருக்கிறது. சம்பலில் ஒரு சிட்டிகை மாசி விழுந்ததும் தேங்காய்ப்பூவின் குணமே மாறிவிடுவதை அறிந்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. ‘ஆசியச் சுவை’ என்று பொதியில் அச்சிட்டவர்கள் எங்கள் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம்.

செய்தது இவ்வளவுதான். மீதிப் பத்துக் காய்களை முன்போலவே உருக்கி, ஒற்றி, பிளந்து, தோசைக்கல்லில் சிவக்கவிட்டேன். வேறு சட்டியில் சிறிது தேங்காயெண்ணெயில் ஒரு பிடி நெத்தலியை மொறுமொறுப்பாகப் பொரித்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் மூன்று செத்தல் மிளகாயை உடைத்துப் போட்டு, கறிவேப்பிலை, சீவிய சின்ன வெங்காயம், நான்கு பல் உள்ளி, கடைசியாக இடித்த மாசி ஒரு மேசைக்கரண்டி. மாசி எண்ணெயில் இருபது விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது, நின்றால் கசக்கும். ஒரு மேசைக்கரண்டி சோயா, அரைத் தேக்கரண்டி சர்க்கரை, காய்கள், ஒரு பிரட்டல், தேசிக்காய். மேலே பொரித்த நெத்தலி, தோல் நீக்கி ஒன்றிரண்டாக இடித்த வறுத்த கச்சான் கடலை, பரிமாறும் நொடியில் ஒரு பிடி பொரி. பொரியை முன்கூட்டியே போட்டால் நமுத்துவிடும். கச்சான் மாமாங்கத்துத் திருவிழாவில் வாங்கியதன் மிச்சம்.

இந்தத் தடவை சிவந்த பக்கத்தின் மொறுமொறுப்பு மாசியின் புகை மணத்தைப் பிடித்துக்கொண்டது. கந்தக வாடை இருந்த இடம் தெரியவில்லை. மெல்லிய கசப்பு கடைசியில் வந்து நின்றாலும், இனிப்பும் புளிப்பும் அதை ஒரு சுவையாகவே மாற்றியிருந்தன. இலை மடிப்புகளுக்குள் சோஸ் புகுந்து தங்குவது இந்தக் காயின் தனிச் சிறப்பு. கத்தரிக்காயோ போஞ்சியோ அப்படித் தாங்கிக்கொள்ளாது. தேங்காயெண்ணெயும் இங்கே சரியாகப் பொருந்தியது. மாமி சோற்றோடு இரண்டு தடவை போட்டுக்கொண்டார், வாயால் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளைச் சோற்றுக்கும் ஃப்ரைட் ரைஸுக்கும் இது சேரும். புட்டோடு வைத்துப் பார்த்தேன், சேரவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு இன்னும் சில விடயங்கள். இந்தக் காய்க்கான வெளிநாட்டுச் செய்முறைகள் பலவற்றில் மிரின் வரும். அது அரிசியிலிருந்து செய்யும் இனிப்பான மது, ஆகவே காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் சிநேகிதிகளுக்கு இதைச் செய்து கொடுப்பவர்கள் அதை விட்டுவிட வேண்டும். சர்க்கரையும் தேசிக்காயும் அந்த இடத்தை நிரப்பிவிடும். பச்சைக் காய் 100 கிராமில் சுமார் 85 மில்லிகிராம் விற்றமின் சீ உண்டு, விற்றமின் கே அதைவிடப் பேர்போனது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் குளிசை எடுப்பவர்கள், புதுமையாக இருக்கிறதே என்று ஒரேயடியாக நிறையச் சாப்பிடாமல் வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது, ஏனெனில் விற்றமின் கே அந்த மருந்தின் வேலைக்கு எதிரானது. வாய்வுத் தொல்லை உள்ளவர்களுக்குக் கோவா என்ன செய்கிறதோ அதையே இதுவும் செய்யும்.

கோவா என்றதும் கடைசிச் சோதனைக்கு வந்துவிட்டேன். நேர்மையான மதிப்புரை என்றால் 1,890 ரூபாய்க்கு எதிரே எதையாவது வைத்துப் பார்க்க வேண்டும். அடுத்த ஞாயிறு சந்தையில் கிலோ 280 ரூபாய்க்குக் கோவா வாங்கி, நடுத்தண்டு பிரியாமல் இரண்டு விரல் அகலத் துண்டங்களாக வெட்டி, அதே தோசைக்கல்லில் அதே அளவு நேரம் தொடாமல் சிவக்கவிட்டு, அதே மாசி, நெத்தலி, கச்சானோடு பிரட்டினேன். புதிய மரக்கறி என்பதால் துவாய் வேலை இல்லை, கடிப்பும் கூடுதல். சிவந்த ஓரங்களின் சுவையில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது. மொட்டின் அடர்த்தியும், பருப்பை நினைவூட்டும் ஒரு மெல்லிய சுவையும் கோவாவில் இல்லை. பெல்ஜியப் பொதிக்கு நான் கொடுக்கும் மேலதிகப் புள்ளி அதற்கு மட்டும்தான்.

ஆகவே பொருளுக்கு ஐந்துக்கு மூன்று கொடுப்பேன், பின்புறத்துச் செய்முறைகளுக்கு ஒன்று. அக்கா மார்கழியில் பிள்ளைகளோடு வருகிறா. அவவுக்காக ஒரு பொதி குலுக்கிப் பார்த்து எடுத்து வைப்பேன். எங்கள் வீட்டுக்கு மட்டும் என்றால், விலை ஆயிரத்துக்குக் கீழே இறங்கும்வரை குளிர்ப்பெட்டியின் அந்தப் பக்கம் போகமாட்டேன். இந்த ஞாயிறும் மாசிக்குக் கோவாதான் வாங்கியிருக்கிறேன்.